காசைப் பங்கு வைக்காதீங்க, அதுல ஒரு கப்பு செய்யுங்க: நம்ம கிளப் பொதுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிளப் தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, கமிட்டிக்காரங்க, அப்புறம் மஸ்கட்லயும் தமாம்லயும் குவைத்லயும் இருந்து இதைப் போன்ல வாசிக்கப்போற மெம்பர்மார் எல்லாருக்கும்,

கிறிஸ்மஸ் லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்தப்பறம் நம்ம குமரிக் கடப்புறத்து ஃபுட்பால் கிளப்புக்க பொதுக்குழு கூடுதுன்னு நோட்டீஸ் பாத்தேன். அதுல மூணாவது அயிட்டமா "கிளப்பைக் கலைத்து இருப்புத் தொகையை உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிப்பது"ன்னு ஒரு வரி கெடக்கு. அதை வாசிச்ச நாள்ல இருந்து எனக்கு ஒறக்கம் சரியில்ல. கூட்டத்துல எந்திரிச்சு சொல்லலாம்தான், ஆனா அங்க ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு சொல்லுவீங்க, நான் சொல்ல வேண்டியது அஞ்சு நிமிஷத்துல அடங்காது. ஒரு சாயா குடிக்கிற நேரம் ஒதுக்கி முழுசா வாசிச்சிருங்க.

நான் துபாய்ல 22 வருஷம் இருந்தேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், என்ன வேலைன்னு பாதிப்பேருக்குத் தெரியாது. சாரம் கட்டுற வேலை. பெரிய நிகழ்ச்சி எங்கயாவது நடந்தா ஆளுக உக்காரத் தற்காலிகமா கேலரி கட்டிக் குடுக்கிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி. வருஷா வருஷம் நவம்பர் பொறந்தா எங்களுக்கு அல் ஐன் ரோட்டுல இருக்கிய தி செவன்ஸ் கிரவுண்டுலதான் கிடை. அங்கதான் ரக்பின்னா என்னன்னு பாத்தேன். தேங்கா மாதிரி நீளப் பந்து, கையில இடுக்கிட்டு ஓடுவான், முன்னால எறியக்கூடாது, பின்னால வாறவனுக்குத்தான் குடுக்கணும், புடிச்சுத் தள்ளலாம் ஆனா கழுத்துல கை வைக்கக்கூடாது, கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்தைத் தரையில வச்சா பாயிண்ட். மொத வருஷம் ஒண்ணும் விளங்கல்ல. மூணாவது வருஷத்துல இருந்து பைப்பைத் தோள்ல வச்சுக்கிட்டு நிண்ணே பாத்துட்டு இருப்பேன், ஃபோர்மேன் சத்தம் போடுவாரு.

அந்த கிரவுண்டுல இருக்கிய கிளப்புக்குப் பேரு துபாய் எக்சைல்ஸ். எக்சைல்னா என்னன்னு எங்க சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அவரு ஸ்காட்லாந்துக்காரரு, வயசாளி, நல்ல மனுஷன். சொந்த நாட்டை விட்டு வெளிய கெடக்குறவன்னு அர்த்தம்னு சொன்னாரு. வேலைக்கு வந்த வெள்ளக்காரங்க 1969ல ஆரம்பிச்ச கிளப்பு, அடுத்த வருஷம் 1970ல மொத செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு ஆடுற ரக்பி) டோர்னமெண்ட் நடக்கும்போ ஆடுன எடத்துல ஒரு புல்லு கெடையாது, வெறும் மணல்லதான் விழுந்து புரண்டு ஆடுனாங்களாம். இண்ணைக்கு அதுக்கு உலகம் பூரா இருந்து டீம் வருது, 2009ல செவன்ஸ் உலகக் கோப்பையே அந்த ஊர்லதான் நடந்துது. மணல்ல ஆடுனாங்கன்னு அவரு சொன்னதும் எனக்கு நம்ம கடப்புறம்தான் ஞாபகம் வந்துது. நாமளும் வெளிநாட்டுல கெடந்தவங்கதான, நமக்க கிளப்பும் மணல்ல தொடங்குனதுதான.

தொடங்குன கதை இப்ப உள்ள மெம்பர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம கிளப் பொறந்தது ஊர்ல இல்ல, ஷார்ஜா ரோல்லாவுல, 8 பேரு கெடந்த ஒரு ரூம்ல. ஒரு வெள்ளிக்கிழம மத்தியானம், மீன்கொழம்பு வச்சு சாப்பிட்டுட்டு எல்லாரும் படுத்திருக்கம்போ ஒருத்தன் சொன்னான், ஊர்ல பயலுவ துணியச் சுருட்டிப் பந்து களிக்கானுவ, ஒரு நல்ல பந்து வாங்கி அனுப்புவோமான்னு. ஆளுக்கு 10 திர்ஹம். அந்த மாசம் ஊருக்குப் போன ஆளுக்க பெட்டில டாங் பாக்கெட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவுல காத்தைப் புடுங்கி அப்பளம் மாதிரி மடக்கி வச்சு அனுப்புனோம். காத்தடிக்கிற ஊசி வைக்க மறந்தாச்சு. ஊர்ல பயலுவ சைக்கிள் கடைக்கெல்லாம் அலைஞ்சு, கடைசில ஒருத்தன் குளச்சல் வரைக்கும் நடந்து போயி ஊசி வாங்கிட்டு வந்தான். அந்தப் பந்து வந்த தேதி, யாரு யாரு 10 திர்ஹம் குடுத்தா, எல்லாம் ஒரு நீள நோட்டுல எழுதி வச்சோம். அந்த நோட்டு போன வருஷம் கிளப் ரூமைச் சுத்தம் பண்ணம்போ ஆக்கர் கடைக்கு, பழைய சாமான் எடுக்கிற கடைக்குப் போற சாக்குல கெடந்துது. நான் தற்செயலா அந்த வழியா வந்ததால எடுத்தேன். யாரு அதை சாக்குல போட்டாங்கன்னு நான் கேக்கல்ல, இனியும் கேக்கப் போறதில்ல, ஆனா எனக்கு ரொம்ப வேதனையாப் போச்சு.

சரி, கல்கத்தாக் கதைக்கு வாறேன், இதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பிரேக்ல அந்த சூப்பர்வைசர் கேட்டாரு, நீ இந்தியாக்காரன்தான, கல்கத்தா கப் தெரியுமான்னு. நான் கல்கத்தாவே பாத்ததில்லன்னு சொன்னேன். அவரு போன்ல படம் காட்டுனாரு. வெள்ளிக் கோப்பை, ஒண்ணரை அடி ஒயரம் இருக்கும், மூணு கைப்பிடி, மூணும் படமெடுத்த ராஜநாகம், மூடி மேல அம்பாரி வச்ச ஒரு யானை. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல்ல. நாகராஜா கோயில் இருக்கிய ஊருக்குப் பக்கத்துல பொறந்தவன் நான், எங்கயோ ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் சண்டை போட்டு ஜெயிக்கிற கப்புல நம்ம நாகம் இருக்கு, இது எப்படி அங்க போச்சு?

1872 டிசம்பர் 25, கிறிஸ்மஸ் அண்ணைக்கு, கல்கத்தாவுல அங்க வேலைக்கும் பட்டாளத்துக்கும் வந்திருந்த வெள்ளக்காரங்க ஒரு மேட்ச் போட்டிருக்காங்க. ஒருபக்கம் இங்கிலாந்துக்காரன் 20 பேரு, எதுத்தாப்புல ஸ்காட்லாந்து அயர்லாந்து வேல்ஸ் எல்லாம் கலந்து 20 பேரு. ஆட்டம் சூடு புடிச்சுது, அடுத்த மாசமே, 1873 ஜனவரில, கல்கத்தா ஃபுட்பால் கிளப்புன்னு ஒண்ணு தொடங்கியாச்சு. பேருல ஃபுட்பால்னு இருந்தாலும் ஆடுனது ரக்பி. 100க்கு மேல மெம்பர் சேந்துட்டாங்க, 1874ல இங்கிலாந்துல உள்ள ரக்பி யூனியன்லயும் சேத்துக்கிட்டாங்க. நம்ம கிளப்புல மொத மூணு நாலு வருஷம் எப்படி இருந்துதோ அப்படி. கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஃபிளட்லைட் போட்டு ராத்திரி மேட்ச் நடத்துனோமே, ஊரே கடப்புறத்துல வந்து உக்காந்துதே, அது மாதிரி.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, வங்காளத்து வெயிலும் புழுக்கமும் அந்த ஆட்டத்துக்கு ஒத்து வரல்ல. கிளப்புல சும்மா ஊத்திக் குடுத்துட்டு இருந்த மதுவை நிப்பாட்டுனதும் கூட்டம் கொறஞ்சுது. 1876ல அங்க இருந்த பட்டாளம் ஒண்ணு வேற ஊருக்குப் போயிட்டு, அதுலதான் ஆடுறவன் நெறைய இருந்தான். மிச்சம் இருந்தவங்க டென்னிஸு போலோன்னு போயிட்டாங்க. கடைசில ரோத்னின்னு ஒருத்தர், கிளப்புக்குக் கேப்டனும் அவருதான், செயலாளரும் அவருதான், பொருளாளரும் அவருதான். மூணு வேலையும் ஒருத்தரு தலையில. இதை வாசிக்கம்போ நம்ம செயலாளர் தம்பிதான் கண்ணு முன்னால வந்தாரு. ராத்திரி 11 மணிக்கு கிரவுண்டு லைட்டை அணைக்கிறதும் அவருதான், கரண்டு பில் கட்டுறதும் அவருதான், பயலுவளுக்கு அடிபட்டா ஆஸ்பத்திரிக்குப் பைக்ல கொண்டு போறதும் அவருதான். அவரு மடுத்து, சலிச்சுப்போயிதான் கலைச்சிருவோம்னு சொல்லுகாருன்னு எனக்குத் தெரியும். அவரை நான் ஒரு வார்த்தை கொற சொல்ல மாட்டேன்.

கல்கத்தாக்காரங்க கையிலயும் பேங்க்ல மிச்சப்பணம் இருந்துது, அவங்களுக்கும் ஆளாளுக்குப் பிரிச்சு எடுத்திருக்கலாம், ஒருத்தனும் கேக்கப்போறதில்ல. அவங்க என்ன செஞ்சாங்கன்னா, அக்கவுண்டை முடிச்சு, பணத்தை வெள்ளி ரூபாயா எண்ணி வாங்குனாங்க. 270 ரூபாய். அந்தக் காலத்து ரூபாய் ஒண்ணு ஒரு தோலா எடை, 270 தோலான்னா 3 கிலோவுக்கு மேல வருது. அம்புட்டையும் உருக்கி நம்ம நாட்டுத் தட்டான்மாரு கையால அந்தக் கப்பைச் செஞ்சாங்க. செஞ்சு 1878ல ரக்பி யூனியனுக்குக் குடுத்தாங்க, வருஷா வருஷம் இதுக்குப் போட்டி நடக்கணும்னு சொல்லி. கிளப்புகளுக்குள்ள ஆடணும்னுதான் அவங்க ஆசைப்பட்டாங்க, யூனியன் அதை இங்கிலாந்து ஸ்காட்லாந்து மேட்சுக்கு வச்சிட்டாங்க. 1879 மார்ச்ல எடின்பரோவுல மொத ஆட்டம், டிரா. அதுக்கப்புறம் ரெண்டு உலகப்போர் நடந்த காலமும், ரெண்டு நாட்டு யூனியனும் பிணங்கி நிண்ண சில வருஷமும் தவிர, இந்த வருஷம் வரைக்கும் விடாம நடக்கு. கப்புக்குக் கீழ மரப்பீடத்துல தகடு தகடா அடிச்சு ஒவ்வொரு மேட்ச் தேதியும் ஜெயிச்ச நாடும் கேப்டன்மாரு பேரும் வெட்டி வச்சிருக்காங்க.

அந்தக் கல்கத்தா கிளப்புக்கு ஆயுசு என்ன, சுமாரா அஞ்சு வருஷம்தான். நம்ம கிளப்பு அதைவிட எவ்வளவோ மடங்கு ஓடியிருக்கு.

இதைச் சொன்னா சிலபேரு கேப்பீங்க, அது நாட்டை ஆண்ட துரைமாரு கதை, அதுக்கும் மீன்பிடிக்கிற ஊருக்கும் என்ன சம்பந்தம்னு. நியாயமான கேள்விதான். நான் துரைமாருக்குப் பெருமை பாட வரல்ல. அவன் ஆடுன ஆட்டத்துல அந்த மண்ணுல பொறந்தவனுக்கு எடம் இல்ல, அதையும் சேத்துத்தான் சொல்லுகேன். எங்க கேங்ல கண்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான், நம்ம தமிழ்தான், அவனுக்க பூட்டன் காலத்துல திருநெல்வேலிப் பக்கம் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். ரக்பி அவனுக்கு உயிரு. அவன்தான் அந்த ஊரு கதையச் சொன்னான். கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப்பு 1874ல தோட்டத் துரைமாரு தங்களுக்காகத் தொடங்குனது. கொழும்புலயும் 1879ல வெள்ளக்காரங்க ஒரு கிளப்பு தொடங்குனாங்க. ரொம்ப காலம் கழிச்சு 1922லதான் இலங்கைக்காரங்க தங்களுக்குன்னு கொழும்புல ஒரு ரக்பி கிளப்பு தொடங்கியிருக்காங்க. துரைமாரு எல்லாம் கப்பலேறிப் போனப்பறமும் கண்டி கிளப்பு மூடல்ல, ஏன்னா அதுக்குள்ள கண்டிப் பயலுவளே அங்க பள்ளிக்கூடத்துல ரக்பி ஆடத் தொடங்கிட்டானுவ, ஆட்டம் ஊர்க்காரன் கைக்கு வந்தாச்சு. இண்ணைக்கும் இலங்கை லீக்ல அது பெரிய டீமு. கல்கத்தாவுல அப்படிக் கை மாத்திக் குடுக்க அண்ணைக்கு ஆளு இல்ல, கதவை அடைச்சே வச்சிருந்தா எங்க இருந்து ஆளு வரும்?

நம்ம கிளப்பு விதியில 4ஆவது என்னன்னு ஞாபகம் இருக்கா? வெளிநாட்டுல இருந்து சந்தா கட்டுறவனுக்குத்தான் ஓட்டு. அதை எழுதுன கையில எனக்க கையும் ஒண்ணு. அண்ணைக்குப் பணம் அங்க இருந்துதான் வந்துது, யாராவது கமிட்டில பூந்து பணத்தைத் தின்னுரக்கூடாதுன்னு பயந்து எழுதுனோம். இண்ணைக்குப் பாத்தா ஓட்டு இருக்கிய ஆளுக்க பிள்ளைய கனடாவுலயும் பெங்களூர்லயும் இருக்கு, ஒண்ணு கூட இங்க பந்து தொடல்ல. கடப்புறத்துல தெனம் சாயங்காலம் பந்து களிக்கிற பயலுவ 30 பேரு, அதுல பாதி காலம்பற தொழிலுக்குப் போயிட்டு வந்து ஆடுறவன், அவனுக்கு ஓட்டு கெடையாது. கிளப்பைக் கலைக்கலாமா வேண்டாமான்னு கேட்டா ஆடாதவன் கலைச்சிருன்னுதான் சொல்லுவான், இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. அந்த 4ஆவது விதி தப்பு. நாம எழுதுனது தப்பு, நாமதான் திருத்தணும்.

இன்னொண்ணு சொல்லணும், இதை எழுத ரெண்டு நாளா கை வரல்ல.

2017 நவம்பர் கடைசி. செவன்ஸ் போட்டிக்கு கேலரி எல்லாம் கட்டி முடிச்சு, கடைசி நாள் போல்ட்டு முடுக்கிட்டு இருந்தோம். கிரவுண்டுல பாட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க, பயங்கர சத்தம். போன் அடிக்கிறது தெரியல்ல, பாத்தா ஊர்ல இருந்து 14 மிஸ்டு கால். காத்துல ஓடு எல்லாம் பறக்கு, தென்னை எல்லாம் சாஞ்சு கெடக்கு, ஆழ்கடலுக்குப் போன வள்ளங்க ஒண்ணையும் காணல்லன்னு. ஓகிப் புயல். அந்தப் போட்டி நடந்த நாள் முழுக்க நான் கேலரிக்கு அடியில, பைப்புக்கு நடுவுல உக்காந்து ஒவ்வொருத்தனுக்கா போன் போட்டுக்கிட்டே இருந்தேன், தலைக்கு மேல ஆயிரக்கணக்குல ஆளுக கால் தட்டிக் கூப்பாடு போடுது, இங்க நான் யாரு கரை சேந்தா யாரு சேரல்லன்னு கேட்டுட்டு இருக்கேன். நமக்க டீம்ல ரைட் பேக் ஆடுனவன் வரல்ல. அண்ணைக்கு குளச்சலுக்கு நடந்து போயி ஊசி வாங்கிட்டு வந்தானே, அவன்தான். அவனுக்க ஜெர்சி இன்னும் கிளப் ரூம்ல ஆணியில தொங்குது, அலம்பி மடிச்சு வைக்க எவனுக்கும் மனசு வரல்ல.

கிளப்பைக் கலைச்சா அந்த ஜெர்சிய எங்க கொண்டு வைப்பீங்க? அவனுக்கும் பங்கு உண்டா, ஓட்டு இல்லாததால பங்கு இல்லையா? நான் கோவத்துல கேக்கல்ல, உண்மையிலயே கேக்கேன், நோட்டீஸ்ல அதைப் பத்தி ஒண்ணும் இல்ல.

பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவு வரும்னு நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நல்ல போன் கூட வாங்க முடியாது. ஒரு தடவை ஊருக்கு வந்து போற டிக்கெட்டுக்கும் பத்தாது. கோயில் கட்டிட நிதிக்குக் குடுத்திரலாம்னு ரெண்டு மூணு பேரு சொல்லுகாங்க, அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், கோயிலுக்கு நானும் குடுக்கேன், இனியும் குடுப்பேன். ஆனா இந்தப் பணம் பந்து களிக்கன்னு சொல்லி வாங்குன பணம். மார்த்தாண்டத்துக்காரன், தக்கலைல உள்ள பாய்மாரு, நாரோயில்க்காரன்னு நம்ம ஊருக்கு வெளிய உள்ளவனும் அந்த ரூம்ல 10 திர்ஹம் எடுத்துத் தந்திருக்கான், நோட்டுல பேரு இருக்கு. அவன் எதுக்குக் குடுத்தானோ அதுக்குத்தான் அது போகணும்.

அதனால நான் கேக்கது இதுதான். முதல்ல 4ஆவது விதிய மாத்துங்க, 18 வயசு ஆன, கிரவுண்டுல ஆடுற ஒவ்வொருத்தனுக்கும் ஓட்டு குடுங்க, அதுக்கப்புறம் கிளப்பை வைக்கணுமா கலைக்கணுமான்னு கேளுங்க. அவன் வைக்கணும்னு சொன்னா சாவியும் பாஸ்புக்கும் அவன் கையில குடுத்துட்டு நாம ஓரமா உக்காந்து பாப்போம், நம்ம செயலாளர் தம்பிக்கும் ஒரு நாள் வீட்டுல நேரத்தோட சோறு திங்க முடியும். அவனும் கலைக்கணும்னுதான் சொல்லுகான்னா, சரி கலைப்போம், ஆனா பணத்தைப் பிரிக்க வேண்டாம், கப்பா செய்வோம்.

கப்பு எங்க செய்யணும்னு கூட நான் யோசிச்சாச்சு. நமக்க வடசேரியில கோயில் நகை செய்யிற ஆளுக இருக்காங்க, சாமிக்குப் போடுற நகை, வெள்ளியில அடிச்சு மேல தங்கரேக்கு ஒட்டி செவப்புக் கெம்புக்கல்லு பதிப்பாங்க, அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. அந்தக் கையிக்கு ஒரு கப்பு செய்யிறது பெரிய காரியமா? வெள்ளி விலை இப்ப இருக்கிய நெலமையில முழுசும் வெள்ளியில செய்ய நம்ம பணம் காணாது, உள்ள பித்தளை வச்சு மேல வெள்ளி பூசுனாலும் போதும். கல்கத்தாக்காரன் யானை வச்சான், நாம மூடி மேல முட்டம் லைட்ஹவுஸ் வைப்போம். கைப்பிடி ரெண்டும் வள்ளத்துக்க முன்பக்கம், அணியம் மாதிரி வளைஞ்சு நிக்கட்டும். கீழ மரத்துக்கு வேற எங்கயும் போக வேண்டாம், ஓகில சாஞ்ச பலாமரம் ஒண்ணை அறுத்து எனக்க வீட்டுல பலகையா வச்சிருக்கேன், நல்லா காஞ்சாச்சு, தச்சனை விட்டு நானே செஞ்சு தாறேன். அதுல தகடு அடிச்சு மொத வரியில அந்த 8 பேருக்க பேரு, ரெண்டாவது வரியில கடல்ல போன நம்ம டீம் பையனுக்க பேரு, அதுக்குக் கீழ வருஷா வருஷம் ஜெயிக்கிற ஊரும் கேப்டனும். கெழக்க கன்னியாகுமரி வாவத்துறையில இருந்து மேக்க நீரோடி வரைக்கும் எந்தக் கடப்புறத்து டீமும் வந்து ஆடலாம், கிறிஸ்மஸ் வாரத்துல, ஜெயிச்சவன் அடுத்த வருஷம் வரைக்கும் அவனுக்க ஊர்ல வச்சுக்கலாம், திருப்பிக் கொண்டு வந்து வச்சு ஆடணும். சண்டை வந்து எவனாவது திருப்பித் தராம இருந்தா என்ன செய்யன்னு கேப்பீங்க. அந்தக் கல்கத்தா கப்பையே 1988ல எடின்பரோ ரோட்டுல பிளேயர்மாரு ராத்திரி ஒதைச்சு விளையாடி நசுக்கிட்டாங்க, சரி பண்ணி வச்சு மறுபடியும் ஆடத்தான் செஞ்சாங்க.

கல்கத்தா கிளப்பும் அப்படியே செத்துப் போகல்ல பாத்துக்கிடுங்க. 1884ல மறுபடியும் எந்திரிச்சுது. 1890ல உள்ளூர்ல ஆடத் தனியா ஒரு கப்பும் வச்சாங்க. அப்புறம் 1965ல, 1792ல தொடங்குன அங்கத்த கிரிக்கெட் கிளப்போட சேந்து ஒண்ணாச்சு, இண்ணைக்கும் அங்க ரக்பி ஆடுறாங்க. மொதல்ல கலைச்சவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

என் பங்கு எவ்வளவோ அதை நான் கப்புக்கே எழுதித் தாறேன், கூட்டத்துக்கு முன்னாடியே தலைவர் அண்ணன் கையில ஒப்பு போட்டுக் குடுக்கேன். அந்த ரோல்லா ரூம்ல இருந்த 8 பேருல இப்ப உயிரோட இருக்கிய 5 பேருகிட்டயும் பேசப் பாத்தேன், ரெண்டு பேரு சரின்னு சொல்லிட்டாங்க, ஒருத்தர் யோசிக்கேன்னு சொன்னாரு, மத்தவங்க ராத்திரி ஷிஃப்ட்ல இருக்காங்க, இந்த மடலைப் பாத்துட்டாவது கூப்பிடட்டும்.

கூட்டம் அண்ணைக்கு மூணாவது அயிட்டம் எடுக்கம்போ வெளிய மணல்ல நிக்கிய பயலுவளையும் உள்ள கூப்பிடுங்க, பெஞ்சு போதல்லன்னா பள்ளில இருந்து எடுத்துக்கலாம். பழைய நோட்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு, கரையான் தின்ன பக்கத்தை எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன், கொண்டு வாறேன்.

அன்போட,
கிளப் மெம்பர், பழைய துபாய் சாரக்காரன்